தகைவிலானின் ஊர்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் வடமுனைக்கு அப்பால், குருசுக்குப்பத்தை ஒட்டி நீளும் மீனவர் குடியிருப்பான வைத்திக்குப்பத்தில், புரட்டாசி பிறக்கும் நாள்களில் மின்கம்பிகளிலும் கேபிள் கம்பிகளிலும் வரிசையாக வந்து அமரும் சிறு பறவைக்குத் தமிழில் தகைவிலான் என்று பெயர். தகைதல் என்பது தடுத்தல், நிறுத்துதல் என்னும் பொருளுடைய பழைய சொல்லாதலால், தடுப்பாரற்றது, நில்லாமல் செல்வது என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ள இடமிருக்கிறது. நில்லாதது என்று பெயர் பெற்ற பறவையை மனிதர் உற்றுப் பார்க்க வாய்ப்பது அது நிற்கும் சில நிமிடங்களில் மட்டுமே என்பதும், அந்த நிமிடங்களையும் நம் தெருக்களின் கம்பிகளே பெற்றுத் தந்தன என்பதும், அதை அடையாளம் காண முயல்வோர் முதலில் அறிய வேண்டியவை. பறக்கும்போது அது இரண்டு வளைவுகளும் ஒரு பிளவும் மட்டுமே; உட்கார்ந்த பிறகுதான் அதற்குத் தொண்டையும் மார்பும் வாலும் வந்து சேர்கின்றன.

கம்பியில் அமர்கிறது என்பதே அடையாளத்தின் முதற்படி. வைத்திக்குப்பத்து வானில் இதே உருவத்தோடு இதே பூச்சிகளைத் துரத்தும் இன்னொரு குலம் உண்டு. களை செதுக்கும் உழவாரத்தின் வளைந்த அலகைப் போன்ற இறக்கை உடையதால் அதற்கு உழவாரன் என்று பெயர். அப்பரின் கையில் இருந்த கருவியை வானத்தில் கண்டுகொண்டவர் யாரோ, அவர் நல்ல கண்ணுள்ளவர். பனையோலையில் கூட்டை ஒட்டிவைக்கும் பனை உழவாரனும், பழைய கட்டடங்களின் விதானங்களில் வைக்கோலையும் இறகையும் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும் நாட்டு உழவாரனும் புதுச்சேரிக்குப் புதியவை அல்ல. ஆயினும் உழவாரன்களின் கால்விரல்கள் சுவரைப் பற்றித் தொங்குவதற்கென்றே அமைந்தவை. கம்பியைச் சுற்றிப் பிடித்து உட்கார அவற்றால் இயலாது. அவற்றின் குடும்பத்துக்கு அறிவியலார் இட்ட பெயரின் வேர்ச்சொல்லுக்குக் கிரேக்கத்தில் காலில்லாதது என்று பொருள். எனவே கம்பியில் உட்கார்ந்திருப்பது உழவாரனாக இருக்க முடியாது. உருவம் ஒன்றாக இருப்பதால் இரண்டும் உறவு என்று எண்ணுவது தவறு. உழவாரனுக்கு நெருங்கிய உறவு அமெரிக்கக் கண்டத்துத் தேன்சிட்டு போன்ற முரல்சிட்டுகள், தகைவிலானுக்கு நெருங்கியவை மரக்கிளையில் பாடும் குருவியினங்கள். காற்றில் பூச்சி பிடிக்கும் ஒரே தொழில் இரண்டு வெவ்வேறு குலங்களை ஒரே அச்சில் வார்த்துவிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனர் சூப்பு வைத்து உண்ணும் விலையுயர்ந்த கூட்டைப் பலரும் தகைவிலான் கூடு என்று சொல்வது இந்தக் குழப்பத்தின் இன்னொரு வடிவம். அது உழவாரன் குலத்தைச் சேர்ந்த சிறு பறவையொன்றின் எச்சில்.

கம்பியில் அமர்ந்தது தகைவிலான் குடும்பம் என்று உறுதியான பின், அக்குடும்பத்தில் யார் என்ற வினா எழுகிறது. முதுகின் அடிப்பகுதியில் செங்காவித் திட்டு இருந்தால் அது செம்பிட்டத் தகைவிலான். உச்சந்தலை செம்பழுப்பாகவும் தொண்டை முதல் அடிவயிறு வரை தூய வெள்ளையாகவும் இருந்து, வாலின் இரு ஓரங்களிலிருந்தும் கம்பி போன்ற இரண்டு இழைகள் நீண்டால் அது கம்பிவால் தகைவிலான். ஏரி மதகுகளையும் ஆற்றுப் பாலங்களையும் விட்டு அது அதிகம் விலகுவதில்லை. தொண்டையில் கீற்றுகளும் சிறிதளவே பிளந்த வாலும் இருந்தால், பாலங்களின் அடியில் மண்கூடுகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டும் கீற்றுத்தொண்டைத் தகைவிலான். இம்மூன்றும் இந்த மண்ணிலேயே கூடு கட்டுபவை. மேல்புறம் எஃகு நீலமாக மினுங்க, நெற்றியும் தொண்டையும் துருப்பிடித்த இரும்பின் செந்நிறமாக இருந்து, அத்துருவுக்குக் கீழே கருநீலப் பட்டையொன்று மார்பில் ஓடி, அதற்கும் கீழே வயிறு வெளுத்து, வால் ஆழப் பிளந்திருந்தால், அது அடைமொழி எதுவும் வேண்டாத தகைவிலான். கார்ல் லின்னேயஸ் 1758இல் ஹிருண்டோ ரஸ்டிகா என்று பெயரிட்ட, உலகில் மிகப் பரந்து வாழும் தகைவிலான். நீலகிரியிலும் இலங்கை மலைகளிலும் தங்கிவிட்ட மலைத் தகைவிலானுக்கும் இதே துருத்தொண்டை உண்டு. அதற்கு மார்புப் பட்டை இல்லை, வாலிழைகளும் இல்லை.

இதுவரை சொன்னது கையேடுகள் சொல்வதுதான். கையேடு படமாக வரைந்து காட்டும் பறவை வைத்திக்குப்பத்துக் கம்பியில் மார்கழியில் இருப்பதில்லை என்பதை அக்கையேடுகள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை. அதைப் பற்றிப் பேசுமுன் அந்த மார்புப் பட்டையிடம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் அந்தப் பட்டையில் புதுச்சேரியின் வரலாற்றுக்குள் நுழையும் ஒரு வழி இருக்கிறது.

தகைவிலான் ஒரே இனமாயினும் அதற்குள் வட்டார வேறுபாடுடைய கிளையினங்கள் பல உண்டு. ஐரோப்பாவிலிருந்து மேற்கு ஆசியா, காஷ்மீர் வரை கூடு கட்டும் கிளையினத்தில் கருநீலப் பட்டை அகன்று, முறியாமல் மார்பைக் கடக்கிறது. சீனம், கொரியா, ஜப்பான், கிழக்கு இமயச் சரிவுகள் ஆகிய நிலங்களில் கூடு கட்டும் கிளையினத்திலோ தொண்டைத் துரு கீழே கசிந்து பட்டையின் நடுவை அறுத்துவிடுகிறது. உடலும் சற்றுச் சிறியது. இந்தக் கிழக்குக் கிளையினத்துக்கு குட்டுராலிஸ், அதாவது தொண்டைக்குரியது என்னும் லத்தீன் பெயரை 1786இல் இட்டவர் பாவியா நகரத்துப் பேராசிரியர் ஜொவான்னி ஸ்கோப்போலி. அவர் அந்தப் பறவையை அதன் நிலத்தில் கண்டவர் அல்லர். பியர் சொன்னரா என்ற பிரெஞ்சுப் பயணி 1776இல் வெளியிட்ட நூலின் படத்தையும் வருணனையையும் எடுத்துக்கொண்டு, தம் மேசையில் இருந்தபடியே அவர் பெயர் வைத்தார்.

சொன்னரா புதுச்சேரிக்கு அறிமுகம் தேவைப்படாத பெயராக இருந்திருக்க வேண்டும், இன்று அப்படியில்லை. லியோனில் 1748இல் பிறந்து, பிரெஞ்சுக் கடற்படை நிர்வாகத்தில் பணிபுரிந்து, சோழமண்டலக் கரையிலும் செஞ்சிப் பக்கத்து மலைகளிலும் பறவை, செடி, சாதி, சடங்கு அனைத்தையும் குறித்துவைத்தவர் அவர். ஏனாமில் பிரெஞ்சு அதிகாரியாக இருந்து, 1793இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுப் பகுதிகளைக் கைப்பற்றியபோது அவர்களிடம் அகப்பட்டு, 1813 வரை நாடு திரும்ப இயலாமல் கிடந்து, மறு ஆண்டு பாரிசில் இறந்தார். நம் மலைக்காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியற்பெயரில் அவர் பெயர் இருக்கிறது. செம்மண் மேடுகளில் விடிகாலையில் கூவும் கௌதாரியின் அறிவியற்பெயரில் பாண்டிச்சேரி என்ற ஊர்ப்பெயரே இருக்கிறது. அவருடைய வருணனையைக் கொண்டு க்மெலின் என்ற ஜெர்மானியர் 1789இல் அதை இட்டார்.

இத்தனை பறவைகளுக்கு ஊர் குறித்துக் கொடுத்த சொன்னரா, ஊர் விஷயத்தில் நம்பத்தகாதவர் என்பதுதான் வேடிக்கை. அவருடைய 1776ஆம் ஆண்டு நூலின் தலைப்பே நியூகினிப் பயணம் என்பது; அவரோ அந்தத் தீவின் கரையைத் தொட்டதில்லை. பிலிப்பைன்ஸ், மொலுக்காத் தீவுகளோடு அப்பயணம் முடிந்தது. தென்துருவப் பனிக்கடல் பக்கத்துப் பென்குயின்களை நியூகினிப் பறவைகள் என்று அவர் படம் போட்டார். ஆஸ்திரேலியாவுக்கே உரிய சிரிக்கும் மீன்கொத்தியையும் அவ்வாறே போட, அதன் அறிவியற்பெயரில் நியூகினி ஏறி, தவறு என்று உலகுக்கே தெரிந்த பின்னும் இறங்காமல் இருக்கிறது. முதலில் இட்ட பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்கியலின் சட்டம். துருத்தொண்டைத் தகைவிலானையும் ஸ்கோப்போலி நியூகினிக்குரியதாகவே எழுதினார். பிற்காலத்தார் சொன்னராவின் சொற்களை மறுபடி படித்து, அவர் குறிப்பிட்ட ஊர் பிலிப்பைன்ஸின் பனாய்த் தீவிலுள்ள அன்டீக்கே வட்டாரம் என்று கண்டு, கிளையினத்தின் மூல ஊரைப் பனாய் என்று திருத்தினர். மூல ஊர் என்பது ஓர் உயிரினத்துக்குப் பெயரிடக் காரணமான மாதிரி எந்த இடத்தில் கிடைத்ததோ அந்த இடம். அறிவியல் ஏட்டில் அதுவே அந்த உயிரினத்தின் நிலையான முகவரி.

இந்தத் திருத்தத்துக்குப் பின்னும் அந்த முகவரியில் ஒரு சிறு குறும்பு எஞ்சியிருக்கிறது. பனாயில் தகைவிலான் கூடு கட்டுவதில்லை. வைத்திக்குப்பத்துக்கு வருவதுபோலவே அங்கும் அது குளிர்காலம் கழிக்க வருகிறது. கிழக்காசிய நிலங்களில் ஓட்டுக் கூரைகளின் அடியில் மண்கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவைக்கு அறிவியல் கொடுத்த நிரந்தர முகவரி, அது பிறக்காத, முட்டையிடாத, தெற்கத்தித் தீவொன்றின் முகவரி. தற்செயலாக நேர்ந்ததுதான், ஆனாலும் பறவையின் உண்மை நிலையை அது தன்னையறியாமலே எடுத்துச் சொல்லிவிட்டது என்று கருத இடமுண்டு.

மார்கழியில் வைத்திக்குப்பத்தின் தாழ்வான கம்பியொன்றில் அமர்ந்திருக்கும் தகைவிலானை அருகிருந்து கண்டவர்க்கு இது விளங்கும். கையேட்டின் நீண்ட வாலிழைகளை எதிர்பார்த்தவர் ஏமாறுவார். வாலின் ஒரு பக்கத்து ஓர இறகு விழுந்திருக்க, மறுபக்கத்தது வெளுத்து நுனி தேய்ந்திருக்கும். அல்லது இரு பக்கமும் புதிய இறகுகள், அடிப்பகுதி வெண்மையான உறைக்குள்ளிருக்க, பாதி வளர்ந்து நிற்கும். பறவை இறக்கையை விரித்துச் சோம்பல் முறிக்கும்போது, இரு இறக்கைகளிலும் ஒரே இடத்தில், பல் விழுந்த வாய் போல ஓர் இடைவெளி தெரியும். முதுகின் நீலம் ஒரு திட்டு மினுங்க, அடுத்த திட்டு காப்பித்தூள் நிறத்தில் மங்கிக் கிடக்கும். நோயுற்ற பறவை என்று நினைத்து இரங்குவோரும் உண்டு. உண்மையில் அது இறகு மாற்றுகிறது. தகைவிலான் தன் பறப்பிறகுகளையும் வாலிறகுகளையும் கூடு கட்டும் நாட்டில் மாற்றிக்கொள்வதில்லை. அங்கே குஞ்சுகளுக்கு இரை தேடுவதிலேயே காலம் போய்விடுகிறது. குளிர்கால நிலத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, பூச்சி பிடிக்கும் ஆற்றலை ஒரு நாளும் இழக்காதபடி, இரு இறக்கையிலும் சமச்சீராக, உள்ளிருந்து வெளிநோக்கி ஒவ்வோர் இறகாக உதிர்த்து ஒவ்வோர் இறகாக முளைக்கவைத்து, மாதக்கணக்கில் இழுக்கும் இவ்வேலையை மாசி பங்குனியில்தான் முடிக்கிறது. பழைய ஐந்து ரூபாய்க் கெட்டி நாணயம் இரண்டின் எடையே உள்ள உடம்பு, அடுத்த பயணத்துக்கான முழு உடையையும் இங்கேயே நெய்துகொள்கிறது.

நூல் எங்கிருந்து வருகிறது என்றால், வைத்திக்குப்பத்தின் ஈக்களிலிருந்து. தகைவிலானின் இரையில் ஈ இனங்களுக்கே பெரும்பங்கு. கல்கொட்டிய கரையின் மேலும் தெருவோரத்திலும் வலையை விரித்து நெத்திலியும் வாளையும் காரப்பொடியும் உலர்த்தும் இடங்களில், வெயில் ஏறும் வேளையில், தரைக்கு ஒரு முழ உயரத்தில் அது போகிறது, திரும்புகிறது, மறுபடி போகிறது. கருவாட்டை அது தீண்டுவதில்லை. கருவாட்டைத் தேடி வந்ததைத் தீண்டுகிறது. காக்கையையும் பருந்தையும் கையோங்கி விரட்டுகிறவர்கள் இதை விரட்டுவதில்லை. பைபர் படகுகளுக்கு நடுவில் ஆள் நடக்கும் சந்தில், நடப்பவரின் முழங்காலை ஒட்டி அது கடந்துபோகும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதுமில்லை. கரையோர மக்களின் கண் தேடும் பறவை கடலுக்குள் மீன்கூட்டம் இருக்கும் இடத்தில் சுழலும் ஆலா; அதற்கும் பிளந்த வால்தான், ஆனால் அது தொழிலுக்குத் துப்புக் கொடுக்கிறது. தகைவிலான் கொடுப்பதெல்லாம் சற்றுக் குறைந்த ஈத்தொல்லை, அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இங்கே நெய்த உடைக்கு அங்கே என்ன மதிப்பு என்பதை டென்மார்க்கில் நடந்த ஆய்வொன்று காட்டியிருக்கிறது. ஆண்டர்ஸ் பாப்பே மோலர் என்ற உயிரியலாளர், கூடு கட்ட வந்த ஆண் தகைவிலான்களைப் பிடித்துச் சிலவற்றின் வாலிழையைக் கத்தரித்துக் குறுக்கினார். வெட்டிய துண்டை வேறு சிலவற்றின் வாலில் ஒட்டி நீட்டினார். நீண்ட வால் பெற்றவற்றுக்கு இணை விரைவில் அமைந்தது, குறுகியவை காத்திருந்தன. 1988இல் வெளியான இவ்வாய்வு, பெண்ணின் தேர்வே ஆணின் அணியை வளர்க்கிறது என்ற டார்வினின் கருத்துக்குச் சான்றாகப் பாடநூல்களில் இடம்பெற்றது. ஜப்பானில் கிழக்குக் கிளையினத்தை ஆராய்ந்தோர் வாலைவிடத் தொண்டைத் துருவின் நிறத்தையும் பரப்பையும் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். வாலானாலும் தொண்டையானாலும் வடக்கே பெண் பார்க்கும் படலத்தில் நிறுத்துப் பார்க்கப்படும் அந்த அணி தெற்கே முளைத்தது. ஐரோப்பிய நூல்களில் இதை ஓர் அடிக்குறிப்பாகவே காண முடிகிறது. மோலரின் பறவைகளுக்கு ஆப்பிரிக்கா செய்து கொடுத்த வாலிழைகளை அவர் டென்மார்க்கில் வெட்டி ஒட்டினார் என்று தலைப்பிலேயே எழுதியிருந்தால் கதை வேறுவிதமாகப் படிக்கப்பட்டிருக்கும்.

முளைத்து முடிந்த இறகு உயிரற்றது. மயிரும் நகமும் போல அது பிறகு மாறுவதில்லை. எனவே அது வளர்ந்த இடத்தின் சாட்சியம் அதில் உறைந்துவிடுகிறது. ஒரே தனிமத்தின் அணுக்கள் எடையில் சிறிது வேறுபட்டிருப்பதுண்டு. அவற்றை ஐசோடோப்புகள் என்பர். கார்பன், ஹைட்ரஜன் போன்றவற்றின் கன அணுவும் இலேசான அணுவும் கலந்திருக்கும் விகிதம் ஒவ்வொரு வட்டாரத்தின் மழைநீரிலும் செடியிலும் மாறுபடுகிறது. செடியிலிருந்து பூச்சிக்கும், பூச்சியிலிருந்து இறகுக்கும் அது செல்கிறது. கூடு கட்டும் இடத்தில் ஒரு தகைவிலானின் இறகில் சிறு துணுக்கை வெட்டிச் சோதித்து, அது குளிர்காலத்தை எவ்வகை நிலத்தில் கழித்தது என்று கணிக்க முடிவது இதனால்தான். ஜப்பானின் ஹொக்கைடோவில் ஒரு கடைக்கூரையின் கீழ் அமர்ந்திருக்கும் பறவையின் வாலில் ஏதோ ஒரு தென்கடற்கரையின் ஈக்கள் எழுத்தாக இருக்கின்றன.

இந்தப் பயணங்கள் நிறுவப்பட்ட வரலாறு நீண்டது. அதில் ஒரே ஒரு காட்சி மீனவர்களைப் பற்றியதென்பதால் இங்கே சொல்லத் தகும். குளிர்காலத்தில் தகைவிலான்கள் எங்கே மறைகின்றன என்பது ஐரோப்பியரைப் பல நூற்றாண்டுகள் வாட்டிய வினா. அவை பொந்துகளில் ஒடுங்குகின்றன என்றார் அரிஸ்டாட்டில். ஒலாவுஸ் மாக்னுஸ் என்ற சுவீடிஷ் பேராயர் 1555இல் வெளியிட்ட நூலில், வடநாட்டு மீனவர்கள் ஏரியிலிருந்து இழுக்கும் வலையில் மீன்களோடு தகைவிலான்களும் சேர்ந்து வருவதாக மரச்செதுக்குப் படமே இருக்கிறது. அவை நீருக்கடியில் கொத்தாக உறங்குமாம். பறவைக்குப் பெயரிட்ட லின்னேயஸும் இதை நம்பினார். 1911இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் கூட்டிலிருந்த தகைவிலான் ஒன்றின் காலில் மாட்டிய எண்ணிட்ட வளையம், 1912 டிசம்பர் 23 அன்று தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் ஒரு பண்ணைவீட்டில் அகப்பட்ட பிறகே ஐயம் தீர்ந்தது. ஆசியாவில் எலியட் மெக்ளூர் என்பவரின் தலைமையில் 1963 முதல் 1971 வரை நடந்த வளையமிடும் பெருந்திட்டத்தில் தகைவிலான்களே பெருந்திரளாகப் பிடிபட்டன. நம் பக்கம் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டு வளையமிட்டு வந்துள்ளனர்.

வைத்திக்குப்பத்திலிருந்து பார்க்கும்போது ஒலாவுஸின் வினாவே தலைகீழாகிறது. இங்கே கேட்கத்தக்கது குளிர்காலத்தில் எங்கே போகிறது என்பதன்று. கோடையில் எங்கே போகிறது என்பது. பறவைகள் வடக்குக்கும் தெற்குக்கும் போய்வருகின்றன என்பதைத் தமிழ்ப் புலவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பிசிராந்தையார் குமரித்துறையில் இரை தேர்ந்து வடமலைக்குப் பறக்கும் அன்னத்தையும், சத்திமுத்தப் புலவர் நாரையையும் தூது விட்டதற்கு அந்த அறிவே அடிப்படை. சின்னஞ்சிறு தகைவிலானுக்கு அத்தகைய பேறு கிட்டவில்லை. பாரதி பத்தாண்டு வாழ்ந்த ஊரிலும் இலக்கியத்தில் ஏறிய பறவை குயில்தான். பாரதிதாசனின் இதழுக்கும் அதே பெயர். பாடத் தெரியாத பறவைக்குப் பாட்டில் இடமில்லை போலும். தகைவிலானின் கீச்சொலியைப் பாட்டு என்று ஜப்பானியரும் ஐரோப்பியரும் சொல்வது அவர்கள் அதை இனப்பெருக்கக் காலத்தில் கேட்பதால்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பறவைகளின் இடப்பெயர்வை இன்று வலசை என்கிறோம். வலசை என்பது முதலில் மனிதர்க்கு ஆன சொல்; படை வருகிறது என்று அஞ்சி ஊரைக் காலிசெய்து குடிபெயர்வதை அது குறித்தது. பறவைக்கு அதைப் பயன்படுத்தும்போது, சொந்த ஊரில் இருக்கமுடியாமல் ஓடிவந்த அகதியின் சாயல் அதன்மேல் படிந்துவிடுகிறது. நாளிதழ்கள் ஒவ்வோர் ஐப்பசியிலும் எழுதும் 'வெளிநாட்டுப் பறவைகள் வருகை' என்ற தலைப்பும் அதே கருத்தின் உபசார வடிவம். கணக்கைப் பார்த்தால் இரண்டும் பொருந்தவில்லை. புரட்டாசியில் வந்து சித்திரையில் போகும் பறவை ஆண்டில் ஏழு மாத அளவு தென்னிலத்தில் இருக்கிறது, கூடு கட்டும் ஊரில் நான்கு ஐந்து மாதம், மிச்சம் வழியில். விருந்தாளி என்பவர் ஏழு மாதம் தங்கி, துணிமணி எல்லாம் இங்கேயே தைத்துக்கொண்டு போனால், அவரை விருந்தாளி என்று எந்தத் தமிழ்க்குடும்பமும் சொல்லாது.

தகைவிலானுக்குத் தரையில்லாக் குருவி என்றும் ஒரு தமிழ் வழக்கு உண்டு. இதை வெறும் கவிநயமாகக் கொள்ளாமல் கூர்ந்த கவனிப்பின் பதிவாகக் கொள்வதே பொருத்தம் என்று தோன்றுகிறது. கூடு கட்டும் நாட்டில் தகைவிலான் நாள்தோறும் தரையில் இறங்கும். சேற்றுக்குட்டையின் ஓரத்தில் நின்று, ஒரு கூட்டுக்கு நூற்றுக்கணக்கான மண்ணுருண்டைகளை அலகால் அள்ளும். காஷ்மீரில் கதிஜ் என்று அழைக்கப்படும் இப்பறவை வீட்டு உத்தரங்களிலும் கடைகளின் உள்ளேயும் கூடு வைப்பதால், அது வந்துபோகச் சன்னலைத் திறந்துவைக்கும் வழக்கம் அங்குண்டு. ஜப்பானிலும் கடைவாசலில் எச்சம் விழாதிருக்க ஒரு சிறு பலகையை அடித்துவைத்து, கூட்டைக் கலைக்காமல் விடுகின்றனர். அவர்களுக்கு அது மண் சுமக்கும் கொத்தனார். கூடு கட்டாத நிலத்தில் அதற்கு மண் தேவையில்லை. நீரையும் பறந்தபடியே மொண்டு குடிக்கிறது. தரைக்கு வரக் காரணமே இல்லை. தரையில்லாதது என்ற பெயர் குளிர்கால நிலத்து மக்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய பெயர். சிங்களத்தில் இதனை மழைத் தகைவிலான் என்று பொருள்படும் பெயரால் அழைப்பதும் அப்படியே: வடகிழக்குப் பருவமழையோடு வருவது என்பது இந்தக் கரைகளிலிருந்து மட்டுமே தெரியும் உண்மை. லின்னேயஸின் நாடான சுவீடனின் பறவை, பனாயின் பறவை என்று ஏடுகள் எழுதிக்கொண்டிருக்க, ஊர்ப்பெயர்கள் தம் பங்குக்கு இங்கே அது எப்படி வாழ்கிறது என்பதைப் பதிந்துவைத்திருக்கின்றன.

எந்த ஊர் என்று கேட்பது தமிழர் அறிமுகத்தின் முதல் வினா. பிறந்த ஊரும் பிழைக்கும் ஊரும் வேறாக இருந்தால் இரண்டையும் சொல்வார்கள், கேட்பவரும் ஏற்றுக்கொள்வார். சட்டம் அப்படி ஏற்றுக்கொள்வதில்லை. புதுச்சேரி 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, அங்குப் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள், பிரெஞ்சுக் குடியுரிமையே தொடர வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும் என்று உடன்படிக்கை சொன்னது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு நாட்டவராகவும் தம்பி இன்னொரு நாட்டவராகவும் ஆனது அந்த ஒரு தாளினால். இன்றும் பாரிசிலிருந்து விடுமுறைக்கு வருபவர் பாண்டியில் இறங்கியதும் ஊருக்கு வந்துவிட்டேன் என்கிறார்; திரும்பும்போதும் ஊருக்குப் போகிறேன் என்றே சொல்லிப் புறப்படுகிறார். பறவையியலும் ஒருவகையில் அந்த உடன்படிக்கையைப் போன்றதே. கூடு இருக்கும் இடமே தாயகம், மற்றது தங்குமிடம் என்று ஒரு தாளில் ஒப்பமிடச் சொல்கிறது. உலகப் பறவைப் படங்களில் கூடு கட்டும் நிலத்துக்கு ஒரு நிறமும் குளிர்கால நிலத்துக்கு வேறு நிறமும் தீட்டப்படுகின்றன. அந்த இரண்டாவது நிறம் பொதுவாக வெளிறிய நீலம். அது குளிரைக் குறிக்கிறது. வைத்திக்குப்பத்தின் தை மாதத்து வெயிலுக்கு அந்த நிறம் பொருந்துகிறதா என்பதைத் தீட்டியவர்கள் வந்து பார்க்கலாம்.

அந்த இடமாவது நிலையாக இருக்கிறதா என்றால் அதுவுமில்லை. தென்புறத்தில் தேங்காய்த்திட்டுப் பக்கம் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரம் நகரும் மணலை மறித்தன. வடக்கே நகரக் கடற்கரையும் குருசுக்குப்பமும் வைத்திக்குப்பமும் சோலை நகரும் மணலை இழந்தன. இழந்த இடத்தில் கருங்கற்கள் கொட்டப்பட்டன. சொன்னரா நடந்த மணல் இன்று இல்லை. மணலில் கிடந்த கருவாடு தெருவுக்கு ஏறியது. தெருவுக்கு ஏறியபோது கம்பிகளுக்கு அடியில் வந்தது. தகைவிலானுக்கு இதில் நட்டமில்லை. வலை உலர்த்தவும் படகை ஏற்றவும் இடம் தேடுகிறவர்களுக்கு நட்டம்.

மாசி மகத்தன்று மயிலத்து முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் திண்டிவனத்துப் பெருமாளும் இன்னும் பல ஊர்த் தெய்வங்களும் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து நிற்கும்போது, அலங்காரப் பந்தல்களுக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் மேலே கம்பிகளில் இருக்கும் தகைவிலான்கள் ஏறக்குறையத் தம் வேலையை முடித்திருக்கின்றன. முதுகில் மங்கிய திட்டுகள் இல்லை. நீலம் ஒரே பரப்பாக ஓடுகிறது. தொண்டைத் துரு புதிதாகப் பூசியதுபோல் இருக்கிறது. வாலிழைகள் இறக்கை நுனியைத் தாண்டி நீண்டு, பறவை வாலை விசிறும் நொடியில் உட்புறத்து வெண்புள்ளிகள் ஒரு வரியாகத் தெரிந்து மறைகின்றன. கையேட்டின் படத்தோடு பறவை முற்றும் ஒத்துப்போகும் வாரங்கள் இவையே. மார்புப் பட்டை முறிந்ததா முறியாததா என்பதையும் இப்போதுதான் ஐயமின்றிச் சொல்ல முடியும். அக்கம்பக்கமாக அமர்ந்திருக்கும் இரண்டில் ஒன்றின் பட்டை அகன்றும் மற்றதன் பட்டை அறுந்தும் இருந்தால், அவை கூடு திரும்பும் ஊர்களுக்கு இடையே பல நாடுகள் கிடக்கின்றன என்று கொள்ளலாம்.

சித்திரை பிறந்ததும், ஏப்ரல் 15 முதல் கிழக்குக் கடலில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. விசைப்படகுகள் துறையில் கட்டப்பட்டு, கருவாட்டு வலைகள் சுருட்டப்பட்டு, தெருவில் ஈ குறைகிறது. கம்பியில் முதல் வாரம் பத்து, அடுத்த வாரம் மூன்று என்று எண்ணிக்கை இறங்குகிறது. கடைசியாக எஞ்சுபவை பெரும்பாலும் சென்ற ஆண்டு பிறந்த இளையவை. இறகு மாற்றத்தைத் தாமதமாகத் தொடங்கியதால் வாலின் ஓர இறகு இன்னும் ஓர் அங்குலம் வளர வேண்டியிருக்க, அவை காத்திருக்கின்றன.